குட்டை மரம், நெட்டைப் பாய்

லண்டனின் டெய்லி மிரர் நாளிதழ் 1963இல் ஒரு சிறு பாய்ப்படகை மக்களுக்கு அறிமுகம் செய்தது. தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சுவேலை சொல்லிக்கொடுத்த பாரி பக்னெல்லும் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து உருவாக்கியது. ஒட்டுப்பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, கண்ணாடியிழை நாடாவால் ஒட்டி வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். 3.3 மீட்டர் நீளம், சிவப்புப் பாய். 70,000க்கும் மேல் கட்டப்பட்ட அந்த மிரர் படகு தேர்ந்துகொண்டது ‘கன்டர்’ பாய் அமைப்பை. அந்தத் தேர்வு சரியா?

அமைப்பு இதுதான். நெடிய பாய்மரத்துக்குப் பதில் ஒரு குட்டை மரம். அதையொட்டி மேலேறி நிற்கும் பருமல் என்னும் ஒரு கழி; பாயின் மேற்பகுதி அதில்தான் கட்டப்படும். பருமலின் அடியிலுள்ள கவை மரத்தைப் பற்றியிருக்கும். பாயை ஏற்றும் கயிற்றை, நம் தோணிக்காரர்கள் ஆஞ்சான் என்பதை, பருமலில் ஓரிடத்தில் கட்டி இழுத்தால் பருமல் எழுந்து மரத்தோடு ஏறக்குறைய நேர்கோட்டில் நிற்கும்.

இதன் வலிமை இறக்கும்போது தெரியும். மரமும் பருமலும் படகின் நீளத்துக்குள் அடங்கிவிடும். கார் கூரையில் ஏற்றிச் செல்லலாம். காற்று வலுத்துப் பாயைச் சுருக்கும்போது பருமலும் தாழ்வதால் உயரத்திலுள்ள எடை குறையும். சிறு படகுக்கு அது பெரிய பாதுகாப்பு. பாயின் முன்விளிம்பும் நேராக நிற்பதால், பருமல் சாய்ந்து நிற்கும் பாய்களைவிடக் காற்றை எதிர்த்து நன்றாக ஏறும்.

ஆனால் இந்த நேர்கோடு முழுவதும் ஒரு முடிச்சை நம்பியிருக்கிறது. பருமலின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஆஞ்சான் கட்டப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அந்த இடத்தில் பருமல் மரத்தைவிட்டு 3 செ.மீ. விலகினால், நுனி 9 செ.மீ. விலகும். பாயின் பின்விளிம்பு தளர்ந்து காற்று வீணாகும். உடனே பலர், பாயை உள்ளிழுக்கும் தாமான் கயிற்றை இறுக்குகிறார்கள். நோய் ஓரிடம், மருந்து ஓரிடம்.

சரியான வரிசை மேலிருந்து கீழே வருவது. பாய் முழுதாக ஏறியதும் முடிச்சு மரத்தலைக் கப்பியை முட்ட வேண்டும். முடிச்சை அந்த அளவு பார்த்தே போட வேண்டும். ஆஞ்சான் நீளாத கயிறாக இருக்க வேண்டும். அதன்பிறகுதான் பாயின் முன்மூலையைக் கீழே இழுத்துக் கட்டுவது, அடிக்கழியில் பின்மூலையை இழுப்பது எல்லாம். கவையிலிருந்து பின்மூலைக்குக் குறுக்கே மடிப்பு ஓடினால் பருமல் தொய்ந்திருக்கிறது என்று பொருள். மற்றக் கயிறுகளைத் தொடாமல் ஆஞ்சானுக்கே திரும்ப வேண்டும்.

இதுவரை சொன்னவை கவனத்தால் தீரும் குறைகள். அமைப்போடு பிறந்த குறை வேறு. பாயைச் சுருக்கப் பருமலைத் தாழ்த்தினால் முடிச்சும் கப்பியைவிட்டுத் தாழ்ந்துவிடுகிறது. இடையிலுள்ள கயிற்றின் அளவுக்குப் பருமல் மரத்தைவிட்டு விலகி ஆடும். பாய் ஒழுங்காக நிற்கவேண்டிய பலத்த காற்றில்தான் அது உருக்குலைகிறது. முடிச்சை மேலே மாற்றிக் கட்டினால் சரியாகும். ஆனால் அலையில் ஆடும் படகில் அந்த வேலையை ஒரு புதியவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. கவையைத் தூக்க ஒரு கயிறு, பருமலை ஒட்டிய கம்பியில் வழுக்கும் வளையத்துக்கு இன்னொரு கயிறு என்று பிரித்தால் சிக்கல் தீரும். கயிறு ஒன்று கூடினாலும் அந்த விலையைக் கொடுக்கலாம்.

பின்னாளில் மிரர் வகுப்பின் விதிகள் ஒற்றை மரத்தையும் அனுமதித்தன. பந்தயத்துக்கு அது பொருத்தமே. நொடிகளை எண்ணுபவருக்கு ஆடும் மூட்டு சுமை. ஆனால் நீர்க்கரையில் வீடில்லாத குடும்பம் கூரையில் படகைக் கட்டிக்கொண்டு ஏரிக்குப் போக முடிந்தது இந்த இரண்டு குட்டைக் கழிகளால்தான். அவர்களுக்கு கன்டரே சரியான தேர்வு. பாயைச் சுருக்கும்போது ஆஞ்சானைக் கட்டவேண்டிய இடத்தைக் கரையிலேயே பருமலில் குறித்துவைத்துக்கொண்டு புறப்படட்டும்.