மனோன்மணி கண்ட கனவு

தமிழ் இலக்கியத்திற்குக் கனவு புதியதன்று. வள்ளுவர் 'கனவுநிலை உரைத்தல்' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கோவலனும் கோப்பெருந்தேவியும் காணும் கனாக்கள் வரவிருக்கும் கேட்டை முன்னறிவிப்பன. 1891ஆம் ஆண்டில் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தில் வரும் கனவோ வேறு வகையினது. அது காண்பவரின் நெஞ்சத்தையே திறந்து காட்டுகின்றது.

பாண்டியன் மகள் மனோன்மணியும் சேரமன்னன் புருடோத்தமனும் நேரிற் கண்டறியாதவர்கள். எனினும் கனவில் கண்டு காதல் கொள்கின்றனர். இதனை இயற்கைக்கு ஒவ்வாத புனைவெனக் குறை கூறுவாரும், ஊழின் செயலெனக் கூறி அமைவாரும் உளர். வகுப்பறை விளக்கமும் பெரும்பாலும் இவ்வளவில் முடிந்துவிடுகின்றது. கனவுக்கு முன்னும் பின்னும் மனோன்மணியின் மனநிலை எத்தகையது என்னும் வினா எழுவதே இல்லை.

கனவுக் காதல், லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி' என்னும் ஆங்கிலக் கதையிலிருந்து பெறப்பட்டது. ஆயினும் வாணி என்னும் தோழியும் அவள் காதலும் சுந்தரம் பிள்ளையின் சொந்தப் படைப்பு. தத்துவப் பேராசிரியராகிய அவர்தம் உளநூற் புலமை இங்கேதான் விளங்குகின்றது. நடராசன்மீது தான் கொண்ட காதலையும், பலதேவனை மணக்குமாறு தந்தை வற்புறுத்துவதையும் வாணி கன்னிமாடத்தில் எடுத்துரைக்கின்றாள். காதலை அதுகாறும் உணராத மனோன்மணி அதனைக் கேட்கின்றாள். அதன் பின்னரே கனவு வருகின்றது. தோழியின் துயரம் விழிப்பில் தூண்டிய உணர்வு, துயிலில் உருவம் பெறுகின்றது. கனவு பற்றிய பிராய்டின் பெருநூல் வெளிவருவதற்கு முன்னரே எழுதப்பட்ட நாடகத்தில் அவர் கொள்கையைத் தேடுதல் பொருந்தாது. ஆயினும் பகலில் நெஞ்சிற் பட்டது இரவில் கனவாகும் என்னும் உண்மையை ஆசிரியர் நன்கு அறிந்திருந்தார் எனலாம்.

கனவுக்குப் பின் அவள் மெலிகின்றாள். அரண்மனையார் அதனை நோயென மயங்க, சுந்தர முனிவரே காரணத்தை உணர்கின்றார். தலைவியின் மெலிவை அணங்கின் செயலெனத் தாய் கருதும் அகத்துறையை இஃது நினைவூட்டுகின்றது. அங்குப் புருடோத்தமனும் கனவில் கண்டவளை மறக்க இயலாது வாடுகின்றான். ஆனால் அவள் யாரென அறியாமையால், அவள் தந்தையின் நாட்டின்மீதே படையெடுக்கின்றான்.

மனோன்மணியின் உள்ளம் முழுமையாக வெளிப்படுவது போருக்குப் பின்னரே. தோல்வியுற்ற சீவகன், குடிலன் மகன் பலதேவனுக்கு அவளை மணமுடிக்கத் துணிகின்றான். அவளும் உடன்படுகின்றாள். கனவை மறந்ததனால் அன்று. தந்தையின் துயரைத் தன் விருப்பத்தினும் பெரிதெனக் கொண்டதனால். அந்நிலையிலும் வாணி நடராசனையே மணத்தற்குத் தந்தையின் இசைவை வேண்டுகின்றாள். தான் இழந்ததைத் தோழியேனும் பெறுதல் வேண்டும் என்னும் அவ்வேட்கையில், அணையாத காதலின் வெம்மை தெரிகின்றது.

இவளுக்கு எதிர்நிலையில் நிற்பவன் குடிலன். அவன் காண்பது பாண்டியன் அரியணை பற்றிய பகற்கனவு. பிறர் நெஞ்சத்தை ஊடுருவிக் காண்பதாகச் செருக்குறும் அவன், பேராசை ஒன்றையே எங்கும் காண்கின்றான். புருடோத்தமனும் தன்னைப் போன்றவனே எனக் கருதிச் சுரங்க வழியைக் காட்டிக்கொடுக்கின்றான். பரிசாகப் பெற்றதோ விலங்கு.

அச்சுரங்க வழியே மணவிழாவிற்குள் புருடோத்தமன் வருகின்றான். கனவில் கண்டவனை நனவில் கண்ட மனோன்மணி, எவர் ஆணைக்கும் காத்திராது அவனுக்கு மாலை சூட்டுகின்றாள். கடமைக்குத் தன்னை ஒப்படைத்தவள் தன் விருப்பத்தைத் தானே செயலாக்கும் நேரம் அது. ஊழ் அவனை எதிரே கொணர்ந்து நிறுத்தியிருக்கலாம். மாலையைச் சூட்டியது அவள் கையே.

இந்நாடகத்தைச் சீவனும் மாயையும் குருவருளும் பற்றிய தத்துவ உருவகமாகக் கொள்வாரும் உளர். அப்பொருளும் ஏற்புடையதே. ஆயினும் உருவகத்தை மட்டும் கற்பிப்பின் உயிருள்ள பெண்ணொருத்தி மறைந்துவிடுகின்றாள். 'கனவு பலித்ததா?' என்று கேட்கும் ஆசிரியர், 'அவள் எதை விரும்பினாள்? யாருக்காக அதனை விட்டுக்கொடுத்தாள்?' என்றும் கேட்பாராயின், மாணவர் நெஞ்சில் மனோன்மணி உயிர்பெற்று நிற்பாள்.