எந்தப் பத்து மணி நேரம்?

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ டிரைவிங் ஸ்கூலில் கார் பழகுபவர் கையெழுத்திட வேண்டிய பதிவேடு ஒன்று உண்டு. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் அதன் பெயர் படிவம் 15. தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஓட்டினார், என்ன வண்டி, மாஸ்டர் கையெழுத்து, பழகுபவர் கையெழுத்து. காருக்கு 21 நாள் பயிற்சி. அதில் குறைந்தது 10 மணி நேரம் ஸ்டியரிங் கையில் இருக்க வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். கற்றுக்கொடுத்தவரும் கற்றவரும் ஒரே வரியில் கையெழுத்திடுவதால் பொறுப்பு இருவருக்கும் வருகிறது. பணத்தை வாங்கிக்கொண்டு நாலே நாளில் ஆளை அனுப்பிவிட்டால், கேள்வி கேட்கக் கையில் ஒரு காகிதமாவது இருக்கும்.

ஆனால் கணக்குப் பார்த்தால் நாளுக்கு அரை மணி நேரம்கூட வரவில்லை. அதுவும் எந்தச் சாலையில் கழிந்தது என்பதற்குப் படிவத்தில் இடமே கிடையாது. காலியான தெருவில் உருட்டிய அரை மணியும், கூட்டேரிப்பட்டில் லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் ஏறிய அரை மணியும் அங்கே ஒன்றுதான். மார்கழி விடியலில் விக்கிரவாண்டிப் பக்கம் பனி இறங்கிவிட்டால் முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அப்படியொரு சாலையைப் பார்க்காமலேயே ஒருவர் லைசென்ஸ் வாங்கிவிடலாம்.

விமானிகளின் லாக்புக் இந்த விஷயத்தில் பல படி மேலே. பகல், இரவு, தனியாக, பயிற்றுநருடன் என்று தனித்தனிக் கட்டங்கள். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டிய நேரத்துக்கு வேறு கட்டம். மேகத்துக்குள் நிஜமாகவே ஓட்டியதா, பார்வையை மறைத்துப் பழகியதா என்பதையும் குறிக்க வேண்டும். கருவிப் பறத்தலுக்கான தகுதிக்கு அப்படி 40 மணி நேரம் சேர வேண்டும். சிமுலேட்டரில் பழகியதில் ஒரு பகுதிதான் கணக்கில் வரும். மொத்தம் 200 மணி பறந்திருந்தாலும் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் தகுதி கிடைக்காது.

அதிலும் பொய் எழுதியிருக்கிறார்கள். 2011இல் ராஜஸ்தானில் பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதிய விவகாரம் ஊழல் தடுப்புப் பிரிவு வரை போனது. ஆனாலும் விமானத்துக்கென்று தனிப் பதிவேடு இருப்பதால் ஒப்பிட வழி உண்டு. படிவம் 15இல் 21 நாள் கையெழுத்தையும் ஒரே மூச்சில் போட்டால் அந்தத் தாளை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

அங்கீகாரம் பெற்ற டிரைவிங் பயிற்சி மையங்களுக்கு 2021இல் வந்த விதி காருக்கு 29 மணி நேரம் கேட்கிறது. அதில் 21 மணி செய்முறை; கிராமச் சாலை, நெடுஞ்சாலை, நகரச் சாலை எல்லாம் அதில் உண்டு. சரியான திசை. ஆனால் அங்கே தேறியவர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக்காட்ட வேண்டியதில்லை என்பது எனக்குக் கவலை தருகிறது. ஆர்.டி.ஓ. தேர்வே இல்லாதபோது பதிவேடு இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

சின்ன ஊர் ஸ்கூல்களுக்கு இதில் பெரிய செலவில்லை. படிவம் 15இல் சாலை, வெளிச்சம், ஓடோமீட்டர் எண் என்று மூன்று கட்டம் சேர்த்தால் போதும். இரவில் இரண்டு மணி, நெடுஞ்சாலையில் இரண்டு மணி பதிவாகாமல் பயிற்சி முடித்ததற்கான படிவம் 5 சான்றிதழில் மாஸ்டர் கையெழுத்துப் போடக் கூடாது.