சித்திரத்தை வைத்துச் சுவர் எழுப்பிய ஊர்

முதலில் ஒரு திருத்தம். இரண்டு வருடம் முன்பு நான் இங்கே எழுதிய ஒரு குறிப்பில், "போரில் தரைமட்டமான வார்ஸா பழைய நகரை, 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களைப் பார்த்தே மறுபடி கட்டிவிட்டார்கள்" என்று சொல்லியிருந்தேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள், இந்த ஊரில் சித்திரத்தை வைத்துச் சுவர் எழுப்பிவிட்டார்கள் என்று ஒரு பஞ்ச் வேறு. நிறைய பேர் பகிர்ந்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி என்ன என்பதை இந்த முறை அலுவலக வேலையாகப் போனபோது ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். நான் கட்டடக்கலை படித்தவன் இல்லை. பிழைப்புக்கு சாஃப்ட்வேர். ஆனால் பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்வது என்றால் என்ன என்று இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவன். அந்தக் கண்ணோடுதான் இந்த விமர்சனம்.

கோட்டைச் சதுக்கத்திலிருந்து தொடங்குவோம். நடுவில் உயரமான தூண். உச்சியில் ஒரு கையில் வாளும் மறு கையில் சிலுவையுமாக மூன்றாம் சிகிஸ்மண்ட் அரசர். போலந்தின் அரசவை கிராக்கோவிலிருந்து வார்ஸாவுக்கு வந்தது இவர் காலத்தில். மகன் 1644இல் அப்பாவுக்கு எழுப்பிய தூண் இது. 1944 செப்டம்பரில் உடைந்து விழுந்தது, 1949இல் மறுபடி நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்த்து போட்டோ எடுத்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் கொஞ்சம் தள்ளி, கோட்டைச் சுவரோரம் புல்தரைக்கு வாருங்கள். அங்கே உடைந்த தூண் துண்டுகள் படுத்துக் கிடக்கின்றன. ஒன்று 1644இல் நின்ற கல். இன்னொன்று 19ஆம் நூற்றாண்டில் அதை மாற்றி வைத்த கிரானைட். அதாவது இப்போது நிற்பது மூன்றாவது தூண். பழைய வெர்ஷன்களை அழிக்காமல் பக்கத்திலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த நேர்மை ரொம்பப் பிடித்தது. இந்த நகரை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கு இதுதான் முதல் பாடம்.

என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1944 ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிராக வார்ஸா எழுச்சி தொடங்கியது. 63 நாள் சண்டை. அக்டோபர் ஆரம்பத்தில் சரணடைந்த பிறகு மிச்சமிருந்த மக்களை வெளியேற்றிவிட்டு, காலியான ஊரைத் தெருத் தெருவாக எரித்தார்கள், வெடி வைத்தார்கள். குண்டு தவறி விழுந்து அழிந்த ஊர் இல்லை இது, திட்டம் போட்டு அழித்த ஊர். வரலாற்று மையத்தில் 85 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது.

1945 தொடக்கத்திலேயே தலைநகர் மறுகட்டமைப்பு அலுவலகம் அமைந்தது. போலிஷ் மொழிச் சுருக்கத்தில் போஸ். அதன் முக்கியமான மூளைகளில் ஒருவர் யான் ஸக்வதோவிச் என்ற கட்டடக்கலைஞர். அந்தக் காலத்துப் பாதுகாப்புக் கோட்பாடு அவருக்கு எதிராகத்தான் இருந்தது. இடிந்ததை இடிந்தபடி காப்பாற்று, புதிதாகக் கட்டிப் பழசு என்று சொல்லாதே என்பதுதான் விதி. ஜான் ரஸ்கின் 1849இலேயே இம்மாதிரி மீட்டமைப்பைப் பொய் என்று திட்டியிருக்கிறார். ஸக்வதோவிச் தரப்பின் பதில் எளிமையானது: இந்தக் கட்டடங்கள் வயதாகிச் சாகவில்லை, ஒரு மக்களின் நினைவை அழிக்க வேண்டுமென்றே கொன்றார்கள், அதை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. இந்த வாதத்தை என்னால் மறுக்க முடியவில்லை. 'ஒரிஜினல் இல்லையே' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சரி, பேக்கப் எங்கிருந்து வந்தது? ஓவியக் கதைக்கு வருவோம். பெர்னார்டோ பெலோட்டோ என்ற இத்தாலியர், கனலெட்டோவின் மருமகன். மாமா பெயரையே தானும் போட்டுக்கொண்டவர். 1760களின் பிற்பகுதியில் வார்ஸா வந்து கடைசி அரசர் ஸ்டனிஸ்வாஃப் ஆகஸ்டின் அரசவை ஓவியராக இருந்து, 1780இல் இங்கேயே இறந்தார். காமெரா ஆப்ஸ்கூரா வைத்துத் தெருக்களைத் துல்லியமாக வரைந்தார். அந்த ஓவியங்கள் இன்றும் கோட்டைக்குள் கனலெட்டோ அறையில் இருக்கின்றன. மறுகட்டமைப்புக்கு உதவியதும் உண்மை.

சிக்கல் எங்கே என்றால், அவர் வரைந்தது பெரும்பாலும் அரண்மனைகள், தேவாலயங்கள், க்ரகோவ்ஸ்கி பிரெஜ்மியெஷ்சியே போன்ற அகலமான பிரபுக்களின் தெருக்கள். சுற்றுலாப் பயணிகள் எல்லாம் நின்று "ஆகா, ஓவியத்திலிருந்து கட்டினார்களாம்" என்று வியக்கிற பழைய நகரச் சந்தைச் சதுக்கத்தை அந்தத் தெருக் காட்சிகளில் தேடினால் கிடைக்காது! நானும் ஒரு கைடு சொன்னதைக் கேட்டு அப்படியே எழுதியவன்தான். அதனால்தான் மேலே திருத்தம்.

சந்தைச் சதுக்கத்துக்கு உண்மையான பேக்கப், வார்ஸா பாலிடெக்னிக் கட்டடக்கலை மாணவர்களும் ஆசிரியர்களும் போருக்கு முன்பும் போரின்போதும் அளந்து வரைந்த வரைபடங்கள். பாடத்துக்காகப் போட்ட டிராயிங். அதை ஆக்கிரமிப்பின்போது ஒளித்து, ஊரிலிருந்து கடத்தி, பியோட்ர்கூஃப் டிரிபுனால்ஸ்கி என்ற ஊரில் ஒரு மடத்தில் பத்திரப்படுத்தினார்கள். இத்தாலிய ஓவியர், அரசர், தங்கச் சட்டம் என்றால் கதை அழகாக இருக்கிறது. மாணவன் டேப்பைப் பிடித்து ஜன்னல் அகலம் அளந்தது கதையாக எடுபடுவதில்லை. ஆனால் என் தொழிலில் எனக்குத் தெரியும், ஊரைக் காப்பாற்றுவது எப்போதும் இந்த இரண்டாவது வகை ஆட்கள்தான்.

இப்போது தேவாலயத் தெருவில் நடங்கள். இடையில் புனித யோவான் பேராலயம், செங்கல் முகப்போடு கூர்மையாக நிற்கிறது. பார்த்தால் மத்தியகாலம் மாதிரித் தெரியும். இங்கேதான் ரீஸ்டோர் பற்றிய முக்கியமான கேள்வி வருகிறது: எந்த வெர்ஷன்? 1939இல் இந்த ஆலயத்துக்கு இருந்த முகப்பு வேறு. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில கோதிக் பாணியில் மாற்றியது. அதைத்தான் ஜெர்மானியர்கள் அழித்தார்கள். ஆனால் திரும்பக் கட்டும்போது அதைக் கட்டவில்லை. இந்த வட்டாரத்து கோதிக் எப்படி இருந்திருக்கும் என்று ஸக்வதோவிச் யோசித்துப் புதிதாக வரைந்த முகப்புதான் இன்று நிற்பது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது ரீஸ்டோர் இல்லை, ரீரைட்.

பக்கவாட்டுச் சந்துக்குள் திரும்பினால் ஆலயச் சுவரில் ஒரு இரும்புச் சங்கிலிப் பட்டை பதித்திருக்கிறார்கள். எழுச்சியின்போது ஜெர்மானியர்கள் அனுப்பிய வெடிகுண்டு வண்டியின் பட்டை அது. அந்தச் சந்தில் ஆள் நடமாட்டமே இல்லை. நான் மட்டும் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

சந்தைச் சதுக்கத்திலும் இதே கதைதான். 1953 ஜூலை 22 அன்று திறந்தார்கள். முகப்பில் 17, 18ஆம் நூற்றாண்டு. பின்னாலோ, போருக்கு முன் அடைசலாக இருந்த பின்கட்டுகளை விட்டுவிட்டு முற்றங்களைத் திறந்து, குழாய், கழிவறை வசதியோடு 1950களின் குடியிருப்பு. சுவர்ச் சித்திரங்களில் பல அந்த 50களின் ஓவியர்கள் போட்டவை. நகர மதில் பக்கம் போனால் இன்னும் தெளிவு. பார்பிகன் வாயில் 16ஆம் நூற்றாண்டு என்பார்கள். இப்போது நிற்பதை 1950களில் கட்டினார்கள். மதிலை ஒட்டி முன்பு இருந்த வீடுகளைத் திரும்பக் கட்டாமல் விட்டதால்தான் மதில் இவ்வளவு அழகாகத் தெரிகிறது. 1939இல் வாழ்ந்தவர்கள் பார்த்ததைவிட இன்றைய 'பழைய நகர்' பழசாக இருக்கிறது!

செங்கலுக்கும் ஒரு கதை உண்டு. போருக்குப் பின் போலந்துக்கு வந்த முன்னாள் ஜெர்மன் ஊர்களில், குறிப்பாக வ்ரோட்ஸ்வாஃபில், கட்டடங்களை இடித்து இங்கே செங்கல் அனுப்பினார்கள். 'முழு தேசமும் தன் தலைநகரைக் கட்டுகிறது' என்பது அன்றைய கோஷம். அதற்கு வேறொரு பழைய நகரம் விலை கொடுத்தது என்பது கோஷத்தில் இல்லை.

இவ்வளவையும் வைத்து இது போலி என்று சொல்லலாமா? மாட்டேன். 1980இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இதைச் சேர்த்தபோது, மத்தியகால ஊர் என்று ஏமாந்து சேர்க்கவில்லை. ஏறக்குறைய முழுமையான மறுகட்டமைப்பு என்பதற்காகவே சேர்த்தார்கள். போஸ் அலுவலகத்தின் ஆவணங்களும் 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. 1950களில் ஒரு மக்கள் தங்களைப் பற்றி எழுதிக்கொண்ட புத்தகம் என்று வாசித்தால் இது முழுக்க அசல். அந்தப் புத்தகத்தில் எதை எழுதாமல் விட்டார்கள் என்பதுதான் என் விமர்சனம்.

அதைப் பார்க்க, பழைய நகரை விட்டு மேற்கே நடக்க வேண்டும். பார்பிகனிலிருந்து டுவுகா தெரு வழியாக நிதானமாகப் போனாலே கால் மணி நேரம்தான். க்ராசின்ஸ்கி பூங்கா பக்கம் நடைபாதையில் இரும்புப் பட்டை பதித்து, கெட்டோ சுவர் என்று எழுதியிருக்கிறது. 1940 முதல் 1943 வரை யூதர்களை அடைத்து வைத்த பகுதியின் எல்லை. போருக்கு முன் வார்ஸாவின் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு யூதர்கள். 1942 கோடையில் மட்டும் இங்கிருந்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். 1943 எழுச்சிக்குப் பின் அந்தப் பகுதி முழுவதையும் தரைமட்டமாக்கினார்கள்.

அங்கே கட்டியது முரனூஃப் என்ற புதிய குடியிருப்பு. போஹ்தான் லாஹெர்ட் என்ற கட்டடக்கலைஞரின் வடிவமைப்பு. இடிபாடு மலையாகக் கிடந்ததால், அதை அப்புறப்படுத்தாமல் அதன் மேலேயே கட்டினார்கள். அந்த இடிபாட்டையே அரைத்துக் கட்டுமானக் கல்லாகவும் போட்டார்கள். சில வீடுகளுக்கு இன்றும் தெருவிலிருந்து படியேறித்தான் போக வேண்டும். அந்தப் படிகள் ஏன் இருக்கின்றன என்று தெரிந்த பிறகு ஏறுவது கஷ்டமாக இருக்கிறது.

'அங்கே வாழ்ந்தவர்களே இல்லை, யாருக்காகக் கட்டுவது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. 18ஆம் நூற்றாண்டோடு நிறுத்திக்கொள்வோம் என்று வெர்ஷனைத் தேர்ந்தெடுத்தபோதே, 19ஆம் நூற்றாண்டின் நெரிசலான வாடகைக் கட்டடங்கள் காப்பாற்றத் தகாதவை என்ற பட்டியலில் போய்விட்டன. யூத வார்ஸா பெரும்பாலும் வாழ்ந்தது அந்தக் கட்டடங்களில்தான். யாரும் கெட்ட எண்ணத்தோடு முடிவெடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. 'எந்தத் தேதிக்குத் திரும்பிப் போகிறோம்' என்ற டெக்னிக்கலான முடிவு, 'யாரை நினைவில் வைக்கிறோம்' என்ற முடிவாகவும் ஆகிவிட்டது. எங்கள் தொழிலில் இது தினமும் நடக்கிறது, அங்கே தொலைவது கோப்புகள் மட்டும்.

கடைசியாக ஒரு இடம். நலெவ்கி என்பது யூத வார்ஸாவின் பரபரப்பான வணிகத் தெரு. அதில் மிச்சம் இருப்பது ஆர்சனல் கட்டடத்தின் பக்கத்தில் ஒரு சின்னத் துண்டு. பழைய கல் பாவிய தரை, நடுவில் பழைய டிராம் தண்டவாளம். கொஞ்ச தூரம் ஓடி, அப்படியே நின்றுவிடுகிறது. இதை யாரும் ரீஸ்டோர் செய்யவில்லை. மிஞ்சியது அவ்வளவுதான்.

வார்ஸா போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழைய நகரில் அரை நாள் செலவிடுங்கள், அது அதற்குத் தகுதியான இடம். புல்தரையில் கிடக்கும் தூண் துண்டுகளை மறக்காமல் பாருங்கள். ஆனால் அங்கேயே காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இன்னும் கால் மணி நேரம் நடந்து இந்தத் தண்டவாளம் வரை வாருங்கள். என் முந்தைய குறிப்பை நம்பிப் போனவர்கள் இதைப் பார்க்காமல் வந்திருப்பார்கள். அதற்கு நான்தான் பொறுப்பு.