மூக்கு மட்டும் தெரியும் மீன்

ஆரல் இருக்கும் தொட்டியின் முன் நின்று எல்லோரும் முதலில் கேட்பது, “மீன் எங்கே?” என்றுதான். பகலில் அது மணலுக்குள் புதைந்து கிடக்கும். வெளியே மூக்கும் கண்ணும் மட்டும். அந்த மூக்கைத்தான் ரசிக்கப் பழக வேண்டும். சதைப்பற்றாக நீண்ட நுனி, அதன் இருபுறமும் குழாய் போன்ற நாசித்துளைகள். ஓயாமல் துழாவும். மண்புழுத் துண்டு ஒன்று விழுந்தால் போதும், மணல் அசையத் தொடங்கும்.

உடம்பு விலாங்கு மாதிரி நீண்டிருந்தாலும் இது வேறு குலம். முதுகு நெடுகத் தனித்தனி முள் வரிசை. வெறுங்கையால் பிடித்தவர் மறக்க மாட்டார். இதற்காகக் காத்திருப்பதும் நமக்குப் புதிதல்ல. குறுந்தொகையின் 25ஆம் பாட்டிலேயே, ஓடும் நீரில் ஆரலை எதிர்பார்த்து ஒரு குருகை நிறுத்திவிட்டார் கபிலர்.

ஆரல் வளர்ப்பின் கலை முழுவதும் மணலில் இருக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் அள்ளும் எம்-சாண்ட் கூடாது. உடைத்த கல்லின் கூர்முனை, மெல்லிய செதில்களைக் கிழித்துவிடும். சென்னை எலியட்ஸ் கடற்கரை மணலில் உப்பும் கிளிஞ்சல் தூளும் உண்டு, நீரைக் கடினமாக்கும். சல்லடையில் சலித்து, கலங்கல் தெளியும்வரை கழுவிய ஆற்று மணலே உத்தமம். நான்கு விரற்கடை ஆழம் இருந்தால், உடலை இருபுறமும் ஆட்டி ஆட்டி அது இறங்குவதைப் பார்க்கலாம். அவசரமே இல்லாத இறக்கம்.

தண்ணீர்தான் அடுத்த கவலை. மெட்ரோ வாட்டரில் குளோரின். கடலோர அடையாற்றின் போர் தண்ணீரில் பல இடங்களில் உப்பு. குழாய் நீரை ஒருநாள் வாளியில் வைத்தோ, குளோரின் நீக்கி சேர்த்தோ ஊற்றலாம். சென்னையில் ஹீட்டருக்கு வேலையில்லை. மே மாதச் சூட்டில் நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் மட்டும் நிற்கக் கூடாது. நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தை ஊற்றிவிடக் கூடாது. இந்த மீன் தாங்காது. மூடியில் குழாய் நுழையும் ஓட்டையையும் பஞ்சு வைத்து அடைக்க வேண்டும். விரல் நுழையும் இடைவெளி இருந்தால், காலையில் ஆரல் தரையில் கிடக்கும்.

கொளத்தூர்க் கடைகளில் சிவப்புக் கோடுகளோடு மின்னும் ஃபயர் ஈல் கண்ணைப் பறிக்கும். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த அது வளர்ந்தால் ஒரு மீட்டரை எட்டும், தி. நகர் ஃப்ளாட்டின் மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை. நம் ஊர் ஆறு குளங்களின் கல்லாரலும் முக்கால் மீட்டரைத் தாண்டக்கூடியது. சாண் அளவோடு நின்றுவிடும் மாக்ரோக்னாதஸ் பாங்கலஸ் போன்ற சிற்றினமே வீட்டுக்கு ஏற்றது. நிறம் மங்கல்தான். ஆனால் விளக்கணைந்த பிறகு அது மணலை விட்டு எழுந்து, திரும்பாமலே பின்னோக்கி நீந்துவதைக் கண்டவருக்கு நிறம் ஒரு குறையாகத் தெரியாது. விருந்தாளிக்குக் காட்ட மீன் வேண்டுமென்றால் தங்கமீன் வாங்கலாம். ஆரல் வீட்டுக்காரருக்கு மட்டுமே.