ரகுவரனின் தாழ்ந்த குரல்

வில்லன் என்றால் உறும வேண்டும், அடியாட்களை அதட்ட வேண்டும் என்றிருந்த காலத்தில் நடிகர் ரகுவரன் குரலைத் தாழ்த்தினார். 'பாட்ஷா' (1995) படத்தின் வில்லன் மார்க் ஆண்டனியாக அவர் பேசும்போது, சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளிதான் கிலியூட்டும். ரஜினி அத்தனை உயரமாகத் தெரிய, எதிரே நின்ற அந்த ஒல்லி உருவமும் ஒரு காரணம் என்பேன்.

அதைவிட எனக்குப் பிடித்தது 'புரியாத புதிர்' (1990), கே.எஸ்.ரவிகுமார் இயக்கிய முதல் படம். அதில் சந்தேகப் பேய் பிடித்த கணவன். ஒரு காட்சியில் 'ஐ நோ' என்பதையே திரும்பத் திரும்பச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் ஏற்ற இறக்கம் மாறும், அழுத்தம் மாறும். வசனம் நின்ற இடத்திலேயே நிற்க, அந்த ஆளின் மனம் மட்டும் நம் கண்ணெதிரே சிதைந்துகொண்டே போகும். பக்கம் பக்கமாக வசனம் எழுதினாலும் இது கிடைக்காது.

அதே ஆண்டு 'அஞ்சலி'யில் பாசமுள்ள அப்பா. 'முகவரி'யில் (2000) தம்பியின் கனவுக்குத் தோள்கொடுக்கும் அண்ணன். அந்தக் கனிவைப் பார்த்துவிட்டு மறுபடி ஆண்டனியைப் பாருங்கள், பயம் கூடத்தான் செய்யும். 2008இல், ஐம்பது வயது நிறையும் முன்பே போய்விட்டார். நரைத்த தலையோடு அவர் செய்திருக்கக்கூடிய வில்லன்களை நினைத்தால் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.