தலைக்கட்டில் ஆண், அட்டையில் பெண்

பழவேற்காடு ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. யார் வலை எந்த இடத்தில், எந்த நாளில் என்பதைத் தலைக்கட்டுக் கணக்கு வைத்து முறை போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் நிற்பவன் ஆண். திருப்பாலைவனம் பக்கத்துக் குப்பங்களுக்குப் போகும் கிராம சுகாதார செவிலியரிடம் இன்னொரு கணக்கு இருக்கிறது. அதில் நிற்பவள் பெண், அதுவும் கர்ப்பிணி. குடும்பங்களுக்குள் எச்.ஐ.வி.யைத் தேடிப் போகும் பரிசோதனை இந்த இரண்டாவது கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைகிறது. இந்த வழக்கத்தால் விளைந்த நன்மை பெரிது. அதிலுள்ள ஓட்டையும் சின்னதில்லை.

நாள் தள்ளிப்போய்ப் பதிவுக்கு வருகிறாள் ஒருத்தி. கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண், தாய் சேய் நல அட்டை, எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின். கூடவே விரல் நுனியில் ஒரு குத்து. சொட்டு ரத்தத்தைக் கிட்டில் விட்டுக் காத்திருக்கிறார்கள். ஒரு கோடு விழுந்தால் தொற்று தெரியவில்லை என்று பொருள். நேற்று வீட்டில் இரண்டு கோடு பார்த்துச் சந்தோஷப்பட்டவள், இன்று இங்கே இரண்டாவது கோடு விழக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொள்கிறாள். விழுந்தாலும் அதுவே தீர்ப்பு அல்ல. எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்தில் வெவ்வேறு கிட்டுகளில் மூன்று முறை பார்த்த பிறகே உறுதி சொல்வார்கள்.

இந்த ஒரு சொட்டின் பலனைக் குறைத்துப் பேசினால் நியாயமாகாது. தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தைக்கு வைரஸ் போக மூன்று வாய்ப்புகள்: கருப்பை, பிரசவம், தாய்ப்பால். ஒன்றும் செய்யாமல் விட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றோடு வளரும். நேரத்தில் மருந்து தொடங்கினால் ஐந்துக்கும் கீழே கொண்டுவரலாம். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினமும், இலவசமாக. பிறந்த குழந்தைக்கு நெவிரபின் சொட்டு மருந்து. ஆறாவது வாரத்தில் ஒரு பரிசோதனை, பதினெட்டாவது மாதத்தில் கடைசி உறுதி. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகவும் அது அடுத்தவருக்குப் போவதில்லை. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் நாட்டின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தபோது இதில் எதுவுமே இல்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் சானட்டோரியத்தில் இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கும்வரை, முடிவைத் தெரிந்துகொண்டு ஏழை என்ன செய்வான் என்ற கேள்விக்குப் பதில் இருக்கவில்லை. தமிழகம் தொற்றை இறக்கியதில் கர்ப்பிணிகளின் விரல்களுக்கும் பங்கு உண்டு.

ஆனால், முதலில் பரிசோதிக்கப்படுபவள் பெயர்தான் முதலில் அடிபடும். கிட்டில் விழும் கோடு தொற்று இருக்கிறது என்றுதான் சொல்லும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது. ஊர் சொல்லிவிடும். “இவ கொண்டுவந்தது” என்ற பேச்சு கிளம்ப, கணவன் இன்னும் பரிசோதனைக்கே போகவில்லை என்ற ஒரு காரணம் போதும். துணைவரையும் பார்க்க வேண்டும் என்பது திட்டத்திலேயே இருக்கிறது. அவனைப் பிடிப்பது எப்படி? இரவு வலையில், விடியலில் ஏலத்தில், பகலில் தூக்கத்தில் இருக்கிறான். எழுந்து வரும்போது சுகாதார நிலையத்தில் ஆய்வகத்தைப் பூட்டியிருப்பார்கள். காசிமேட்டு விசைப்படகுக்குப் போனவன் கரைக்கு வரவே நாளாகும். பழவேற்காட்டில் தொற்று அதிகம் என்று நான் சொல்லவில்லை. வீட்டைவிட்டு நாள்கணக்கில் தள்ளி இருப்பதும், கையில் திடீரென்று பணம் புழங்குவதும் மீனவர்களுக்கு ஆபத்தைக் கூட்டுகின்றன என்று விக்டோரியா ஏரி தொடங்கிப் பல இடங்களில் பார்த்தாகிவிட்டது. அந்த ஆபத்து தொழிலின் நேரத்தோடு வருகிறது. நம் பரிசோதனையோ அலுவலக நேரத்தில் நடக்கிறது.

நான் போன ஒரு நிலையத்தில் ஆணுறைப் பெட்டியைக் கர்ப்பிணிகள் உட்காரும் பெஞ்சுக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்கள். எந்த ஆண் அங்கே வந்து கையை நீட்டுவான்? பெட்டி நிறைந்தே இருந்தது.

இன்னொரு குறை இதைவிடக் கவலை தருவது. மூன்றாம் மாதத்தில் விழுந்த ஒற்றைக் கோட்டை எல்லோரும் கடைசி வரைக்குமான சான்றிதழாக எடுத்துக்கொள்கிறார்கள். வைரஸ் புகுந்து சில வாரங்கள், சமயத்தில் மூன்று மாதம் வரைகூட, கிட்டில் தெரியாது. கணவனுக்கு ஆறாம் மாதத்தில் தொற்று வந்தால்? புதிதாகத் தொற்றியவர் உடம்பில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும். பரவுவதும் அப்போதுதான் சுலபம். ஆபத்து கூடுதலாக இருப்பவரை மறுபடி பார்க்கலாம் என்கிறது விதி. கணவனையே கேட்காமல் யாருக்கு ஆபத்து என்று எப்படித் தெரியும்?

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் நடந்தது நினைவிருக்கும். சோகைக்காக ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் கொடுத்த இளைஞருக்கு 2016லேயே பரிசோதனையில் தொற்று தெரிந்திருந்தும், செய்தி அவர் காதுக்குப் போகவே இல்லை என்று வெளிவந்தது. வெளிநாட்டு வேலைக்காகச் சோதித்துக்கொண்டபோது தெரிந்து, தானாக வந்து சொன்னவர் அவர். பிறகு உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் தாய் மருந்து சாப்பிட்டார். குழந்தைக்குத் தொற்று இல்லை. மருந்து தன் வேலையைச் செய்தது, தகவல் செய்யவில்லை. கர்ப்பிணிப் பரிசோதனைக்கும் இது பொருந்தும்: அவள் ரத்தம் சொன்ன செய்தி அவள் கணவனைப் போய்ச் சேரவில்லை என்றால் பாதி வேலை பாக்கி.

2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் விவரம் சொல்லிச் சம்மதம் வாங்கச் சொல்கிறது, ரகசியம் காக்கச் சொல்கிறது. நடப்பில் பத்துப் பரிசோதனைகளோடு எச்.ஐ.வி. பரிசோதனை பதினொன்றாவது. பக்கத்தில் மாமியார். “இது எதுக்கும்மா?” என்று கேட்பவர்கள் குறைவு.

ஆகவே கர்ப்பிணிப் பரிசோதனையைக் குறைக்க வேண்டாம். அதை ஆணுக்கும் நீட்ட வேண்டும். அதற்குக் காலம் கனிந்தே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். ஏரிக்காரர்களுக்குப் பாடு பிரிக்கும் நாள் இருக்கிறது. ஊர் ஆண்கள் ஒன்றாகக் கூடும் நாள். ஏலக்கூடத்துக்கு மாலையில் கிட்டைக் கொண்டுபோகலாம், சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு சேர்த்துப் பார்க்கலாம், தனியாக உட்கார்த்தி முடிவு சொல்லலாம். புதுக் கட்டடமும் புதுச் சட்டமும் தேவையில்லை. செவிலியரின் வேலை நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் போதும்.

அதுவரை, இதைப் படிக்கும் கணவன்மாருக்கு ஒன்று. மனைவியைப் பதிவுக்குக் கூட்டிப்போகும் அன்று வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்காதீர்கள். உள்ளே போய் நீங்களும் விரலை நீட்டுங்கள்; இலவசமாகத்தான் பார்ப்பார்கள். அதற்கு முன் யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் 1097க்கு அழைக்கலாம். அந்த அழைப்புக்குக் கட்டணம் கிடையாது.