காட்சியும் படிப்பினையும்: அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதியின் மிஸ்ர் நூல்

உம்ராப் பயணத்துடன் மிஸ்ர் நாட்டையும் சேர்த்துக் கண்டு வருவோர் நம்மிடையே பலர். காஹிராவில் தங்கும் நாட்களுள் ஒரு பகல் கீஸாவின் பிரமிடுகளுக்கென ஒதுக்கப்படுகிறது. திரும்பி வந்து எழுதப்படும் பயணக் கட்டுரைகளில் அந்தப் பகலுக்கு ஏறத்தாழ ஒரே வடிவம்தான்: பிரமிடின் உயரம், பாலைவன வெயில், ஒட்டகக்காரரின் பேரம், ஃபிர்அவ்னின் ஆணவம் அழிந்த வரலாறு, இறுதியில் ஒரு துஆ.

படிப்பினை பெறும் நோக்கம் போற்றத்தக்கதே. பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைப் பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. ஆயினும் அந்த ஏவலில் பயணமும் பார்வையும் முதலில் நிற்கின்றன. நம் கட்டுரைகளிலோ படிப்பினை ஊரிலேயே ஆயத்தமாகிவிடுகிறது. பார்வைக்கு அங்கு வேலையே இல்லை. இக்குறையின் அளவை அறிய, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அதே கற்களின் முன் நின்ற ஒருவரின் நூலை எடுத்துப் பார்ப்பது தகும்.

பக்தாதில் 1162இல் பிறந்து 1231இல் மறைந்த அப்துல் லத்தீஃப் (ரஹ்) மருத்துவர், மொழியறிஞர், தத்துவ ஆய்வாளர். அய்யூபியர் ஆட்சியில் மிஸ்ரில் வாழ்ந்து அவர் எழுதிய சிறு நூலின் பெயர் 'அல்-இஃபாதா வல்-இஃதிபார்' எனத் தொடங்குகிறது. 'இஃபாதா' என்பது பயன்தரும் செய்தியை அளித்தல். 'இஃதிபார்' என்பது படிப்பினை பெறுதல். பெயரின் பிற்பகுதி, இவை மிஸ்ர் மண்ணில் நேரிற்கண்ட விஷயங்கள் என்று வரையறுக்கிறது. இஃதிபாரின் வேர்ச்சொல்லுக்குக் கடத்தல் என்று பொருள். கண்ட ஒன்றிலிருந்து காணாத ஒன்றுக்குக் கடந்து செல்வதே 'இப்ரத்'. கால் ஊன்றும் கரை உறுதியாக இல்லாதவன் எங்ஙனம் கடப்பான்?

பிரமிடுகளைப் பற்றிய அவருடைய பகுதி இந்த வரிசையைப் பிறழாமல் காக்கிறது. கற்களின் இணைப்பில் ஓர் ஊசியோ மயிரோ நுழைய இடமில்லை என்று கண்டு எழுதுகிறார். பெரிய பிரமிடினுள் சிலருடன் நுழைந்து, ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு ஏறியபின் அச்சத்தால் மயங்கி, அரை உயிராகத் திரும்பியதையும் மறைக்கவில்லை. உச்சியின் அளவை அறிய அவர் கையாண்ட வழி சுவையானது. பிரமிடில் ஏறிப் பழகிய ஒரு கிராமவாசிக்குக் கூலி கொடுத்து, மேலுள்ள சமதளத்தைத் தலைப்பாகையால் அளந்து வரச் சொல்கிறார். அவர் இறங்கியதும் அந்தத் துணியை அளந்து, பதினொரு முழம் என்று குறிக்கிறார். வியப்பு அவரிடமும் நிறைய உண்டு. அவ்வியப்பை அளவின்றி விட்டுவிட அவருக்கு மனமில்லை.

ஸலாஹுத்தீனின் மகன் அல்-மலிக் அல்-அஸீஸ் உஸ்மான், சிறிய பிரமிடை இடிக்கத் தொடங்கியது ஹிஜ்ரி 593இல். எட்டு மாதங்கள் உழைத்தும் நாளொன்றுக்கு ஓரிரு கற்களையே பெயர்க்க முடிந்தது, பணி கைவிடப்பட்டது. ஆயிரம் தீனார் தந்தால் ஒரு கல்லையேனும் பழைய இடத்தில் வைக்க இயலுமா என்று தலைமைக் கல்வேலையாளரிடம் கேட்கிறார் அப்துல் லத்தீஃப். அதைப் போல் பன்மடங்கு தந்தாலும் இயலாது என்று அவர் ஆணையிட்டுச் சொல்கிறார். முஸ்லிம் ஆட்சியாளர் ஒருவரின் செயல் என்பதற்காக இதை நூலாசிரியர் மூடி மறைக்கவில்லை. முற்கால அரசர்கள் இச்சின்னங்களைக் காத்தமைக்குக் காரணங்களையும் அடுக்குகிறார்: அவை காலக்கணக்குக்கு உதவுகின்றன, வேதங்கள் கூறும் சமூகங்களுக்குச் சாட்சியாகின்றன, முன்னோரின் அறிவாற்றலைக் காட்டுகின்றன. சின்னங்களை அழிப்பதை மார்க்கப் பற்றாகக் காட்டுவோருக்கு இப்பகுதி இன்றும் விடையாகும்.

மஅபர் கரைக்கு வந்து மதுரையையும் கண்டவர் என்பதால் இப்னு பதூதா (ரஹ்) நமக்கு நெருக்கமானவர். அவரோ பிரமிடுகளை வட்டமான அடி கொண்ட கூம்பு வடிவம் என்கிறார். நேரில் கண்டிருப்பாரா என்று ஆய்வாளர்கள் ஐயுறுவது இதனாலேயே. அவரது பெருமைக்கு இது குறைவன்று. ஆயினும் கேட்டதை எழுதும் எழுத்துக்கும் அளந்து எழுதும் எழுத்துக்கும் உள்ள தூரம் இங்கே தெரிகிறது.

அப்துல் லத்தீஃபுக்கும் எல்லைகள் உண்டு. பிரமிடின் மேற்பரப்பில் அவர் கண்ட எழுத்துகளைப் படிக்க வல்லார் அன்று மிஸ்ரில் எவருமில்லை. ஸாபியீன்களின் நூல்களில் கிடைத்த கதைகளையே அவர் குறிப்பிட நேர்ந்தது. சித்திர எழுத்தின் பூட்டு 1822இல்தான் திறந்தது. இன்று நாம் அறிந்தது அதிகம். பெரிய பிரமிடு கி.மு. 26ஆம் நூற்றாண்டளவில் ஆண்ட கூஃபுவினுடையது. மூஸா (அலை) அவர்களின் காலத்தைப் பற்றி ஆய்வாளர்கள் கூறும் கணிப்புகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. செங்கடற் கரையின் வாதி அல்-ஜர்ஃபில் 2013இல் கிடைத்த பாபிரஸ் ஏடுகளில், துராவிலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் கீஸாவுக்குக் கொண்டுவந்த மெரெர் என்னும் மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு இருக்கிறது.

ஃபிர்அவ்னைக் குறிக்க வரும் 'அவ்தாத்' என்னும் சொல்லுக்குப் பிரமிடுகள் என இக்காலத்தார் சிலர் பொருள் கொள்வதைச் சுட்டி மறுப்போர் இருக்கலாம். முற்கால முஃபஸ்ஸிர்கள் அச்சொல்லுக்கு முளைகள், படைகள், கட்டடங்கள் எனப் பல பொருள் தந்துள்ளனர். பிரமிடுகள் என்றே வைத்துக்கொண்டாலும், அவற்றை உடையவன் என்பது அவற்றைக் கட்டியவன் என்றாகாது. பிழையான செய்தியின்மேல் எழுப்பும் படிப்பினை, செய்தி சரியும்போது தானும் சரியும். அதைக் கேட்டு வளரும் நம் இளைஞர் அச்சரிவை மார்க்கத்தின் சரிவாக எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு.

இந்நூலில் உண்மையான இஃதிபார் வருவது பிரமிடுகளுக்குப் பின்னரே. ஹிஜ்ரி 597, 598இல் நைல் பொய்த்து, பஞ்சத்தில் மனிதரை மனிதர் உண்ட கொடுமையை அதே நிதானமான கண்ணால் அவர் பதிவு செய்கிறார். குவிந்து கிடந்த எலும்புகளை ஆராய்ந்து, கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்ற ஜாலீனூஸின் கூற்றை மறுத்து, அது ஒரே எலும்பு என நிறுவுகிறார். கல்லை நுணுகிப் பார்த்த கண்ணே பசித்த மனிதனையும் நுணுகிப் பார்த்தது. தனியே ஓர் உபதேசம் அவருக்குத் தேவைப்படவில்லை.

பிரெஞ்சில் 1810இலும், ஆங்கிலத்தில் புதிய பெயர்ப்பாக 2021இலும் வெளிவந்த இந்நூல் தமிழில் முழுமையாக வாசிக்கப்பட வேண்டும். அரபுக் கல்லூரிகளின் இறுதி வகுப்புகளில் இதன் பிரமிடுப் பகுதியையாவது பாடமாக வைக்கலாம். கீஸாவுக்குச் செல்லும் நம் பயணிகள், ஃபிர்அவ்னைப் பற்றி எழுதுமுன் தாம் எந்தக் கல்லின் முன் நின்றோம், அதை யார் எப்போது வைத்தார் என்று ஒரு பத்தி எழுதட்டும். துஆவுக்கு அதன் பின்னும் இடமிருக்கும்.